இடி கேட்டால் ஸ்டம்பைப் பிடுங்கு: கண்மாய்ப் பொட்டலில் கற்றுக்கொண்டவை

சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கம் கண்மாய் வற்றியதும் கிரிக்கெட் தொடங்கிவிடும். சிவகங்கை மாவட்டத்தில் மைதானம் என்று தனியாக எதுவும் இல்லாத ஊர்கள்தான் அதிகம், கண்மாய்ப் பொட்டல்தான் எல்லாவற்றுக்கும் மைதானம். கருவையை வெட்டி ஒதுக்கி, நடுவில் மண்ணடித்துத் தண்ணீர் தெளித்து பிட்ச் போட்டுவிட்டால், பள்ளிக்கூடம் திறக்கும் வரைக்கும் ஒவ்வொரு வாரக் கடைசியிலும் எங்காவது ஒரு டென்னிஸ் பால் டோர்னமெண்ட் நடக்கும். இருபது முப்பது அணிகள் வரும். மைக் செட், பந்தல், மோர்ப் பானை, வேடிக்கை பார்க்க நூறு இருநூறு பேர், அதில் பாதி சின்னப் பிள்ளைகள். இப்படி ஒரு கூட்டம் மர நிழல்கூட இல்லாத வெட்டவெளியில், கோடை இடி இறங்கும் அதே மாதத்தில், அதே மூன்று மணி நான்கு மணிக்கு நிற்கிறது என்பதை நாங்கள் யாரும் ஒரு ஆபத்தாக யோசித்ததே இல்லை.

எங்கள் ஊர் நோட்டீஸில் இப்போது முதல் விதியாக ஒன்றைப் பெரிய எழுத்தில் அச்சடிக்கிறோம். இடிச் சத்தம் கேட்டால் அந்தப் பந்தோடு ஆட்டம் நிற்கும். கடைசியாகக் கேட்ட இடியிலிருந்து அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி தொடங்கும். அன்றைக்குத் தொடர முடியாவிட்டால் மறுநாள், இறுதிப் போட்டி என்றால் இரண்டு பரிசையும் கூட்டி இரண்டு அணிக்கும் சரிபாதி. இந்தக் கடைசி வரிதான் எங்களுக்கு ரொம்ப முக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்த விதி வந்ததற்குக் காரணம் பக்கத்து ஊர் டோர்னமெண்டில் நடந்த ஒரு சாவு. ஊர் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம், அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அன்றைக்கு மழை பெய்யவில்லை. முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் மழை வந்தால்தான் ஆட்டத்தை நிறுத்துவது என்பதுதான் எல்லா ஊரிலும் வழக்கம். காலையிலிருந்து காற்றே இல்லாத புழுக்கம். மூன்று மணிக்கு மேல் மேற்கே மேகம் கட்டத் தொடங்கியது, அடி கறுத்து, மேலே காலிபிளவர் மாதிரி வெள்ளையாகப் பொங்கிக்கொண்டே போனது. அரையிறுதி ஆட்டம், எங்கள் அணி பேட்டிங், நான் ஸ்கோர் எழுதுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் இடி தூரத்தில் உருட்டியது. அம்பயராக நின்ற வாத்தியார் திரும்பிக் கமிட்டிப் பந்தலைப் பார்த்தார். கமிட்டியில் இருந்த பெரியவர் மைக்கில், "தூரத்துலதான் இடிக்குது, ரெண்டு மூணு ஓவர்தான, முடிச்சிருவோம்" என்றார். ஆடுகிறவர்களும் அதைத்தான் விரும்பினார்கள். ஜெயிக்கிற நிலையில் இருப்பவன் நிறுத்தச் சொல்ல மாட்டான், தோற்கிற நிலையில் இருப்பவன் சொன்னால் பயந்துவிட்டான் என்பார்கள். அங்கே யாருக்கும் இடி ஆபத்து என்று தெரியாமல் இல்லை, ஆனால் நிறுத்து என்று சொல்லும் பொறுப்பு யாருடையது என்று தெளிவாக இல்லை. இத்தனை காலத்துக்குப் பிறகும் அந்த நாளைப் பற்றி எனக்கு இதுதான் தோன்றுகிறது.

கொஞ்ச நேரத்தில் புழுதிக் காற்று வந்தது, நாலு தூறல் விழுந்தது. மழைக்கு ஒதுங்குவதற்காகப் பையன்கள் கரைக்கு ஓடினார்கள். கரையில் ஒரு பெரிய புளியமரம், அதை ஒட்டி ஒரு பனை. நாங்கள் சிலர் ரோட்டில் நின்ற வேன் பக்கம் போனோம், அது எங்கள் பைகள் நனைந்துவிடும் என்பதற்காக, வேறு எந்த முன்யோசனையும் இல்லை. வேன் கதவைத் திறக்கும்போதுதான் விழுந்தது. வெளிச்சமும் சத்தமும் தனித்தனியாக வரவில்லை, ஒன்றாகவே வந்தது. திரும்பிப் பார்த்தால் பனையின் மட்டை எரிகிறது, புளியமரத்தடியில் இருந்த பையன்கள் எல்லோரும் தரையில் கிடக்கிறார்கள்.

சிலர் உடனே எழுந்துவிட்டார்கள். சிலர் காலை அசைக்க முடியவில்லை என்று கத்தினார்கள். (இப்படிக் கால் மரத்துப்போவது மின்னல் பட்டவர்களுக்கு வரக்கூடியதுதான், பெரும்பாலும் சில மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், அப்படியே சரியும் ஆனது.) இரண்டு பேர் அசையவில்லை. ஒருவன் மரத்தில் சாய்ந்து நின்றவன், இன்னொருவன் அவனுக்கு இரண்டு மூன்று அடி தள்ளிக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தவன். ஓடிப்போனவர்களில் பாதிப் பேர், "தொடாதீங்க, கரண்ட் இருக்கும்" என்று மற்றவர்களைப் பிடித்து இழுத்தார்கள். 108 வண்டியில் முன்பு வேலை பார்த்த அண்ணன் ஒருவர் கூட்டத்தில் இருந்தார், அவர்தான் எல்லோரையும் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தவனுடைய நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். "அந்தத் தம்பிக்கும் யாராவது அமுக்குங்கப்பா, அமுக்குங்க" என்று கத்திக்கொண்டே அழுத்தினார். சாய்ந்து நின்றவனைத் தொட்டுப் பார்த்தவர்கள் மூச்சில்லை, போய்விட்டான் என்று சொல்லி அழத் தொடங்கிவிட்டார்கள். அவனுக்கு யாரும் அழுத்தவில்லை. யாருக்கும் எப்படி என்று தெரியவில்லை.

அழுத்தப்பட்டவன் பிழைத்தான். மற்றவன் அங்கேயே இறந்தான். அவனுக்கும் அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பானா என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாய்ப்பு அவனுக்குக் கிடைக்கவில்லை.

இதற்குப் பிறகுதான் நாங்கள் சிலர் உட்கார்ந்து படிக்கவும் விசாரிக்கவும் ஆரம்பித்தோம். அந்த 108 அண்ணன், மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர், இயற்பியல் வாத்தியார் என்று பலரிடம் கேட்டோம். தெரிந்துகொண்டதில் என்னை ரொம்ப உலுக்கியது, மின்னலால் சாகிறவர்களில் பெரும்பாலோர் மீது மின்னல் நேராக விழுவதே இல்லை என்பது. நேராகத் தலையில் இறங்குவது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு என்கிறார்கள். பாதிப் பேர் வரை சாவது தரை வழியாகப் பரவும் மின்சாரத்தால். மின்னல் ஓரிடத்தில் இறங்கியதும் நாலாபக்கமும் மண்ணில் ஓடும், ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டில் ஒரு கால் வழியாக ஏறி இன்னொரு கால் வழியாக இறங்கும். ஆடு மாடுகள் கொத்தாகச் சாவதற்கு இதுதான் காரணம், முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவில் தூரம் அதிகம், இதயம் அந்த வழியில்தான் இருக்கிறது. நார்வே நாட்டில் ஹார்டாங்கர்விடா என்ற மலைச் சமவெளியில் 2016 ஆகஸ்டில் ஒரே இடியில் 323 கலைமான்கள் செத்துக் கிடந்தன. இடிக்குப் பயந்து நெருக்கமாகக் கூடி நின்ற மந்தை அது.

அதற்கு அடுத்தது தாவும் மின்னல். மரத்தில் இறங்குகிற மின்னல் மரத்தோடு மட்டும் போகாது, பக்கத்தில் நிற்கிற ஆளின் உடம்பு மரத்தைவிட எளிதாக மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் பாதியில் அவர் மேல் தாவிவிடும். எங்கள் கரையில் நடந்தது இதுதான். பனையில் விழுந்தது, புளியில் தாவி, புளியில் சாய்ந்திருந்தவன் மேல் இறங்கி, மிச்சம் வேர் வழியாகத் தரையில் ஓடி மற்றவர்களைச் சாய்த்தது.

பனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பனை இடியைத் தாங்கிக்கொள்ளும், அதனால் பனை இருக்கிற ஊரில் பயமில்லை என்று எங்கள் அப்பத்தா காலத்திலிருந்து சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. உயரமாக, தனியாக, உள்ளே ஈரத்தோடு நிற்கிற மரம் என்பதால் சுற்றியுள்ள வெளியில் விழ வேண்டியது பெரும்பாலும் அதன் மேல் விழும். 2016இல் மின்னலைப் பேரிடராக அறிவித்த வங்கதேசம் லட்சக்கணக்கில் பனை நட்டது, ஒடிசா அரசும் 2024இல் 19 லட்சம் பனை நடத் திட்டம் போட்டது, இரண்டும் இந்த நம்பிக்கையில்தான். ஆனால் பனை வளர்ந்து ஆளாக எத்தனை வருஷம் ஆகும் என்று நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதைவிட முக்கியம், பனை தாங்குகிறது என்றால் இடி அங்கேதான் வருகிறது என்று அர்த்தம். அதனடியில் போய் நிற்பதைப் போல மோசமான முடிவு வேறு இல்லை. மரம் தாங்கும், மரத்தடியில் நிற்கிற ஆள் தாங்க மாட்டார்.

மரத்தடி வேண்டாம் என்றால் வெட்டவெளியில் நிற்கலாமா என்று பையன்கள் கேட்பார்கள். அதுவும் கூடாது. இப்போது எந்த ஊரில் பேசக் கூப்பிட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: இடி தலைக்கு மேல் வந்தபிறகு கண்மாய்ப் பொட்டலில் பத்திரமான இடம் என்று ஒன்று கிடையவே கிடையாது. பெரு நாட்டில் 2024 நவம்பரில் ஒரு கால்பந்து ஆட்டத்தில் நடந்த வீடியோவை நிறையப் பேர் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார், வீரர்கள் மைதானத்தைவிட்டு நடந்து வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள், அப்போது விழுகிறது, ஒருவர் இறந்தார், சுற்றிலும் இருந்தவர்கள் சரிந்து விழுந்தார்கள். நிறுத்தத்தான் செய்தார்கள், ஆனால் அதற்குள் நேரமாகிவிட்டது. ஆகவே நிறுத்துவது மட்டும் போதாது, கட்டடத்துக்குள் போய்ச் சேருவதற்கான நேரமும் கையில் இருக்க வேண்டும்.

சரி, எப்போது நிறுத்துவது? மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணிப் பார்த்தால், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. முப்பது விநாடி என்றால் பத்துக் கிலோமீட்டர், அதற்குள் வந்துவிட்டால் உள்ளே போய்விட வேண்டும் என்பது உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிற விதி. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் டோர்னமெண்டில் மைக் அலறிக்கொண்டிருக்கும்போது எந்த மின்னலுக்கு எந்த இடி என்று யார் எண்ணுவது? பகல் வெயிலில் மின்னல் கண்ணுக்கே தெரியாது. அதனால் நாங்கள் எண்ணுவதை விட்டுவிட்டோம். இடிச் சத்தம் சாதாரணமாகப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் கேட்காது, மின்னலோ மேகத்தைவிட்டு அந்தத் தூரம் வரை வெளியே வந்து விழக்கூடியது. ஆகவே காதில் விழுந்துவிட்டால் நாம் அதன் எல்லைக்குள் இருக்கிறோம். தலைக்கு மேல் நீலவானம் இருந்தாலும் சரிதான்.

மறுபடி தொடங்குவதற்கு அரை மணி நேரம் என்று சொன்னால் நிறையப் பேர் முகம் சுளிப்பார்கள். மழை விட்டதும் உடனே இறங்குகிறவர்கள்தான் அதிகம். ஆனால் போகிற மேகத்தின் வால் பகுதியிலிருந்தும் மின்னல் விழும், அதுவும் எல்லோரும் முடிந்துவிட்டது என்று வெளியே வந்து நிற்கிற நேரத்தில். நடுவில் இன்னொரு இடி கேட்டால் அந்த அரை மணி நேரத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும். ஒருமுறை எங்கள் இறுதிப் போட்டி இப்படியே தள்ளித் தள்ளி இருட்டிவிட்டது. அன்றைக்குத்தான் அந்தச் சரிபாதி விதி கைகொடுத்தது. பரிசுப் பணம் யாருக்கு என்ற சண்டை இருக்கிறவரை எந்தக் கமிட்டியும் ஆட்டத்தை நிறுத்தாது, எந்த அணியும் நிறுத்தவிடாது. முன்கூட்டியே அச்சடித்துவிட்டால் வாக்குவாதத்துக்கே இடமில்லை. பெரிய டோர்னமெண்ட் நடத்துகிறவர்கள் தயவுசெய்து இதை ஒரு சின்ன விஷயமாக நினைக்காதீர்கள், இடிதாங்கி மாட்டுவதைவிட இது அதிகம் பயன்படும் என்பது என் அபிப்பிராயம்.

நிறுத்தும் அதிகாரம் ஒரே ஒருவருக்குத்தான். எங்கள் ஊரில் ஆடாத, எந்த அணியிலும் சேராத ஒருவரை அதற்கென்று உட்கார வைக்கிறோம். அவர் கை தூக்கினால் அம்பயர் ஸ்டம்பைப் பிடுங்கிவிடுவார், அப்புறம் மைக்கில் பேச்சு கிடையாது. அவர் போனில் தாமினி செயலி இருக்கும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செய்தது, கடைசிச் சில நிமிடங்களில் சுற்றுவட்டாரத்தில் எங்கே மின்னல் விழுந்தது என்று வரைபடத்தில் காட்டும். தமிழ்நாடு அரசின் டிஎன் அலர்ட் செயலியையும் வைத்துக்கொள்கிறோம், சென்னை வானிலை ஆய்வு மையம் அடுத்த 3 மணி நேரத்துக்கு விடும் மாவட்ட எச்சரிக்கையையும் மதியம் ஒருமுறை பார்த்துவிடுவோம். ஆனால் ஒன்று, கண்மாய்க்குள் சிக்னல் இருக்காது, செயலி சும்மா இருக்கிறதே என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. முதல் இடி விழுவதற்கு முன்னால் எந்தச் செயலியும் அதைக் காட்டாது. காதும் கண்ணும்தான் முதல், செயலி அதற்கு உதவி.

நிறுத்தியதும் எங்கே போவது என்பதையும் காலையிலேயே முடிவுசெய்து மைக்கில் இரண்டு மூன்று தடவை சொல்லிவிடுகிறோம். நான்கு பக்கமும் சுவர், கான்கிரீட் கூரை, கரண்ட் வயரிங், தண்ணீர்க் குழாய் உள்ள கட்டடம்தான் நல்லது, கம்பியும் குழாயும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோய்விடும். எங்களுக்குப் பக்கத்தில் இருப்பது பள்ளிக்கூடம், அதன் சாவியை டோர்னமெண்ட் நாளில் வாங்கி வைத்துக்கொள்கிறோம். தலைமை ஆசிரியரிடம் காரணத்தைச் சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் கொடுத்தார். அடுத்தது கண்ணாடி ஏற்றிய வேன், பஸ், கார். டயர் ரப்பர் என்பதால் பத்திரம் என்று நினைக்கிறார்கள், காரணம் அது இல்லை, தகர உடல்தான் மின்சாரத்தை வெளிப்புறமாகவே சுற்றித் தரையில் இறக்கிவிடுகிறது. ஆகவே கூரையில்லாத டிராக்டர், பைக், துணிக்கூரை ஆட்டோ இதெல்லாம் சேராது. உள்ளே உட்கார்ந்து கதவுக் கைப்பிடி போன்ற இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்காமல் இருந்தால் போதும்.

கமிட்டிப் பந்தல்தான் இருப்பதிலேயே மோசம். நாலு இரும்புக் குழாய், மேலே தகரம் அல்லது படுதா, கீழே ஐம்பது பேர் நெருக்கிக்கொண்டு. மழைக்கு ஒதுங்க ஆகும், இடிக்கு ஆகாது. வயலில் இருக்கிற ஓலைக் கொட்டகை, அய்யனார் கோயில் திறந்த மண்டபம், பஸ் ஸ்டாப் நிழற்குடை எல்லாமே இந்தக் கணக்குதான். ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் பக்கம் ஆம்பேர் கோட்டைக்கு எதிரே ஒரு காவல் கோபுரத்தில் 2021 ஜூலையில் மழையை ரசித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் 11 பேர் இறந்தார்கள். கல் கட்டடம்தான், ஆனால் உச்சியில், திறந்து கிடக்கிற இடம். பம்புசெட் அறை நான்கு சுவரோடு இருந்தால் மரத்தடிக்கு எவ்வளவோ மேல், ஆனால் மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டி, குழாய் எதையும் தொடாமல் நடுவில் இருக்க வேண்டும். தண்ணீருக்குள் இருப்பவர்கள், கிணற்றில் நீச்சல் அடிக்கிற பிள்ளைகள், கண்மாயில் மீன் பிடிக்கிறவர்கள் முதல் சத்தத்திலேயே கரையேறிவிட வேண்டும்.

எந்தக் கட்டடமும் வண்டியும் எட்டாத இடத்தில் மாட்டிக்கொண்டால்? உயரமான இடத்தைவிட்டு இறங்குங்கள், கண்மாய்க் கரை மேல் நடக்காதீர்கள். தனி மரம், கரண்டு கம்பம், முள்கம்பி வேலி இவற்றைவிட்டு விலகுங்கள். கூட்டமாக இருந்தால் ஒருவருக்கொருவர் நல்ல இடைவெளி விட்டு நில்லுங்கள், ஒருவருக்குப் பட்டாலும் மற்றவர் உதவலாம். படுக்கக் கூடாது, தரையில் ஓடுகிற மின்சாரம் உடம்பு நீளத்துக்கும் ஏறும். வேறு வழியே இல்லாமல், உடம்பில் முடி சிலிர்த்து நின்றால், இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துக் குத்தவைத்துத் தலையைக் குனிந்து காதைப் பொத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். இதை நான் கடைசியாகத்தான் சொல்வேன். இந்தக் குத்தவைக்கிற படத்தைப் பார்த்துவிட்டு, இப்படி உட்கார்ந்தால் தப்பிவிடலாம் என்று மைதானத்திலேயே இருந்துவிடுகிறார்கள். அது பத்திரத்தைக் கொடுக்காது, ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். நடந்து போய்ச் சேரக்கூடிய கட்டடம் இருந்தால் நடந்துகொண்டே இருங்கள்.

நம்பிக்கைகளைப் பற்றியும் கேட்பார்கள். செல்போன் மின்னலை இழுக்காது, போன் வைத்திருந்தவர் செத்தார் என்று செய்தி வருவது இன்றைக்கு எல்லோர் பையிலும் போன் இருப்பதால். ஆம்புலன்ஸைக் கூப்பிட அது வேண்டும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆனால் சார்ஜர் வயரில் மாட்டியபடி பேசக் கூடாது, அந்த வயர் வழியாக வரும். கழுத்துச் செயினும் அரைஞாண் கயிறும் மின்னலைக் கூப்பிடுவதில்லை, பட்டால் அந்த இடத்தில் சூட்டுக்காயம் ஆகும். ரப்பர் செருப்பு காக்காது, கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வருகிற ஒன்றுக்கு அரை அங்குல ரப்பர் ஒரு தடையே இல்லை. ஒரு தடவை விழுந்த இடத்தில் மறுபடி விழாது என்பதும் பொய், நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் வருஷத்துக்கு இருபது தடவைக்கு மேல் விழுகிறது. "அர்ஜுனா, அர்ஜுனா" என்று அப்பத்தா சொல்லச் சொல்லும், அதைச் சொல்வதில் எனக்கு எந்த ஆட்சேபனையும் இல்லை, பிள்ளைகளுக்குப் பயம் தெளியும். வீட்டுக்குள் போய் உட்கார்ந்து சொல்லலாம்.

இப்போது முதலுதவி. இதை மனப்பாடமாகத் தெரிந்துகொள்ளுங்கள். மின்னல் பட்டவர் உடம்பில் மின்சாரம் தங்காது, உடனே தொடலாம். அறுந்து விழுந்த கரண்டுக் கம்பி பக்கத்தில் கிடக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அது வேறு ஆபத்து. 108க்கு ஒருவர் பேசட்டும். பல பேர் விழுந்து கிடந்தால், கத்துகிறவர்களிடமும் அழுகிறவர்களிடமும் முதலில் போக வேண்டாம், அவர்கள் மூச்சு விடுகிறார்கள், காத்திருக்க முடியும். அசைவில்லாமல் கிடப்பவரிடம் போங்கள். மற்ற விபத்துகளில் டாக்டர்கள் பார்க்கும் வரிசைக்கு இது நேர் எதிர், காரணம் இருக்கிறது. மின்னல் இதயத்தையும் மூச்சையும் ஒரே அடியில் நிறுத்திவிடும். இதயம் பல சமயம் தானாகவே மறுபடி துடிக்கத் தொடங்கும், ஆனால் மூச்சு திரும்ப நேரமாகும், அந்த இடைவெளியில் காற்று இல்லாமல் இதயம் இரண்டாவது தடவை நின்றுவிடும். அந்த இடைவெளியை நம் கையும் வாயும் நிரப்பினால் அவர் பிழைக்கலாம். மின்னல் பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் உயிர் பிழைக்கிறார்கள், சாகிற அந்த ஒருவர் பெரும்பாலும் இந்த முதல் சில நிமிடங்களில்தான் சாகிறார்.

நெஞ்சின் நடுவில், எலும்பின் மேல், உள்ளங்கையை வைத்து இன்னொரு கையை அதன் மேல் வைத்து, முழங்கையை மடக்காமல் இரண்டு அங்குல ஆழத்துக்கு அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. முப்பது அழுத்தம், பிறகு மூக்கைப் பிடித்து வாயில் வாய் வைத்து இரண்டு மூச்சு. மூச்சு கொடுக்கத் தெரியாவிட்டால் அழுத்திக்கொண்டாவது இருங்கள். கை ஓய்ந்தால் அடுத்தவர் மாற வேண்டும், வண்டி வரும் வரை விடக் கூடாது. இறந்துவிட்டார் என்று டாக்டர் சொல்லட்டும், கூட்டம் சொல்ல வேண்டாம். அந்த அண்ணன் இப்போது ஒவ்வொரு சீசன் தொடங்கும்போதும் ஒரு தலையணையை வைத்துப் பையன்களுக்கு இதைப் பழக்குகிறார், பத்தாவது படிக்கிற பிள்ளைகள்கூட நன்றாகச் செய்கிறார்கள்.

எழுந்து நடக்கிறார், பேசுகிறார் என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈசிஜி எடுக்க வேண்டும். பிழைத்த எங்கள் தம்பிக்குக் காதில் ஜவ்வு கிழிந்திருந்தது. அது சரியானது, ஆனால் தூக்கம், ஞாபகம், எரிச்சல் எல்லாம் மாதக்கணக்கில் படுத்தின. படித்தது மண்டையில் நிற்கவில்லை என்று பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியிருக்கிறான். வெளியே காயம் இல்லாததால் நடிக்கிறான் என்று நினைத்தார்கள். மின்னல் நரம்பை இப்படிப் பாதிக்கும், கண்ணில் புரை பின்னாளில்கூட வரலாம் என்று டாக்டர் வாத்தியார்களிடம் சொன்ன பிறகுதான் விட்டார்கள். உங்கள் ஊரில் இப்படிப் பிழைத்தவர் யாராவது இருந்தால், ஆள் முன்பு மாதிரி இல்லையே என்று குறை சொல்லாதீர்கள்.

கிரிக்கெட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், ஆனால் நம் நாட்டில் இடியில் சாகிறவர்களில் பெரும்பாலோர் விளையாடப் போனவர்கள் இல்லை. 2022இல் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது, அந்த வருஷம் இயற்கைச் சீற்றங்களால் இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பெரும்பாலும் வயலில் வேலை பார்த்தவர்கள், ஆடு மாடு மேய்த்தவர்கள். 2025 அக்டோபரில் கடலூர் மாவட்டம் வேப்பூர் பக்கத்தில் மக்காச்சோளக் கொல்லையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான்கு பெண்கள் இறந்தார்கள். எங்கள் பக்கம் கிடை போடுகிற கீதாரிகள் நாள் முழுக்கப் பொட்டலில்தான் இருக்கிறார்கள், இடி இடித்தால் ஆடுகள் மரத்தடியில் போய் அண்டும், ஆட்டோடு ஆளும் போய் நிற்பார். ஆட்டை விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்வது எளிது, அது அவர்களுடைய மொத்தச் சொத்து. நான் பேசிய கீதாரி ஒருவர், "ஆடு போனா வருஷம் போச்சு தம்பி" என்றார். அவருக்கு நான் சொல்ல முடிந்தது ஒன்றுதான், மந்தைக்குள் நிற்காதீர்கள், மரத்துக்கு வராதீர்கள், மதியத்துக்கு மேல் மேகம் கட்டுகிற நாளில் ஊரை ஒட்டி மேயுங்கள்.

களை பறிக்கிற, நடவு நடுகிற பெண்கள் விஷயத்தில் முடிவு அவர்கள் கையில் இல்லை. கரையேறினால் கூலி குறையும், மறுநாள் கூப்பிட மாட்டார்கள் என்ற பயத்தில் தலையில் உரச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு இடிக்கு நடுவில் குனிந்தே இருப்பார்கள். டோர்னமெண்டில் பரிசுப் பணம் என்ன செய்ததோ அதைத்தான் இங்கே கூலி செய்கிறது. இதனால் எங்கள் கமிட்டியிலிருந்து சிலர் நிலம் வைத்திருப்பவர்களிடம் போய்ப் பேசினோம்: இடி கேட்டால் ஆட்களை வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ அனுப்பிவிடுங்கள், அந்த நேரத்துக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள் என்று. சிலர் சரி என்றார்கள், சிலர் பார்க்கலாம் என்றார்கள். என் மாமா ஒருவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, "இப்படிப் பார்த்தா ஐப்பசியில வேலையே நடக்காது மாப்ள" என்றார். போன ஐப்பசியில் நடவு நேரத்தில் இரண்டு மூன்று தடவை ஆட்களைக் கரையேற்றிப் பள்ளிக்கூட வராந்தாவைத் தாண்டி வகுப்பறைக்குள் உட்கார வைத்தார், கூலியை முழுசாகவே கொடுத்தார், நடவு ஒருநாள் தள்ளி முடிந்தது. இப்போது மற்ற நிலக்காரர்களிடம் பேசப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டுதான் போகிறோம்.